பழைய பெட்டியின் சத்தம்

ஒளிபரப்பு எல்லாம் எச்டிக்கு மாறியதும் டீச்சர் வீட்டுப் பழைய செட்டாப் பாக்ஸில் படம் நின்றுபோனது. அதைத் தூக்கிப்போட டீச்சருக்கு மனமில்லை. போன வருடம் இறந்த கணவர் ஆசையாய் வாங்கியது. மெக்கானிக் எப்படியோ ரேடியோ சேனல்களை மட்டும் பிடித்துக் கொடுத்தார்.

"படம் வராது டீச்சர். பாட்டு, செய்தி கேக்கலாம்."

"அது போதும்."

கணவருக்குக் காது மந்தம். சத்தத்தை அவர் கூட்டுவார், டீச்சர் குறைப்பார். அந்த வீட்டில் ஓயாத சண்டை அது ஒன்றுதான். கடைசி நாட்களில் டீச்சருக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் கூட்டுவதையே விட்டுவிட்டு, ஒன்றும் காதில் விழாமல் டிவி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இன்று அவருக்காகவே டீச்சர் முழுச் சத்தம் வைத்தார். கறுப்புத் திரையில் சத்த அளவைக் காட்டும் கோடு தானாக இறங்கியது. மறுபடி கூட்டினார். மறுபடி இறங்கியது.

"ரிமோட் கோளாறு," என்று மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாக்ஸில் இருந்த பொத்தானை அழுத்திக் கூட்டினார். அப்போதும் இறங்கியது.

டீச்சர் கணவரின் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேங்க. நல்லா சத்தமா வச்சே கேளுங்க."

கோடு இன்னும் ஒரு கட்டம் குறைந்தது.