நிலத்துக்குள் நடமாட்டம்

"சார், அது மறுபடியும் இடம் மாறிடுச்சு!"

கூடாரத்தில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வாளர் கத்தினார். தலைமை அதிகாரி தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

பெரிய வளையம் ஒன்றைத் தொங்கவிட்டபடி ஹெலிகாப்டர் தாழப் பறக்கும். நிலத்துக்குள் எங்கே மின்சாரம் சுலபமாக ஓடுகிறதோ, அந்த இடம் திரையில் சிவக்கும். சிவந்தால் அடியில் செம்பு இருக்கலாம். செம்பு கிடைக்காவிட்டால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வரும்படி மேலிடத்து உத்தரவு.

"முந்தாநாள் குன்றடியில. நேத்து ஏரிக்கரையில. இன்னைக்குப் பொட்டல் நடுவுல. பழைய இடத்துல திரும்பப் பறந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல சார்."

"செம்பு நகருமாம்மா?"

"நகராது சார்."

"உப்புத் தண்ணி?"

"கசியும். இப்படித் தாவாது."

"மிஷின் கோளாறு?"

"கழட்டி மாட்டியாச்சு சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அது உயிரோட இருக்கு."

"சார்?"

"நிலத்துக்குள்ள ஊர்ந்து போற ஏதோ ஒரு ஜந்து. உடம்பெல்லாம் மின்சாரம் பாயுது. அதுக்கு என் பேரைத்தான் வைக்கணும்!"

கையோடு மேலிடத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மூலையில் நின்ற ஹெலிகாப்டர் விமானி தொண்டையைச் செருமினான். "பாவம் சார், அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே. விட்டுடலாமே."

"உனக்கு இளகின மனசுப்பா. நீ பறக்குற வேலையைப் பாரு. நாளைக்கு அதைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

மறுநாள் ஹெலிகாப்டர் கிளம்பியது. திரையில் சிவப்பு முளைத்ததும் ஆய்வாளர் இடத்தைச் சொல்ல, அதிகாரி வலையும் கடப்பாரையுமாக ஜீப்பில் விரைந்தார். கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஜந்து தெரியுதா சார்?"

"ஒரு மண்ணும் தெரியல. இரும்புக் குழாய் ஏத்தின லாரி ஒண்ணுதான் நிக்குது. டிரைவரம்மா என்னைப் பிடிபிடின்னு பிடிக்கிறாங்க."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சீறியது: "குறுக்க நிக்காதீங்க சார்! கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகல, தினமும் லாரியைச் சுத்தவிட்டு சோறு கொண்டு வர்றேன். நீங்க நகர்ந்தாத்தானே என் வீட்டுக்காரர் ஹெலிகாப்டரை இறக்கிச் சாப்பிட முடியும்!"