பின்னால் போகாத வண்டி

வண்டி நின்றது.

எதிரே ஆம்புலன்ஸ்.

பெரிய சாலையில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அதனால் மண்டபத்துக்குப் போகும் எங்கள் காரும் மில் சுவரை ஒட்டிய இந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தது. ஒரு வண்டி போகும் அகலம்தான். எங்களுக்குப் பின்னால் இருபதடியில் மில் கேட் இருந்தது. அங்கே ஒதுங்கலாம். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஒதுங்க இடமே இல்லை. சந்தின் முனைவரை இருநூறடி பின்னால் போக வேண்டும்.

மணி ஒன்பது நாற்பத்திரண்டு.

வளையல்களுக்கு நடுவே கடிகாரம் எதற்கு என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் கழற்றவில்லை. நேரம் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

டிரைவர் கியரில் கை வைத்தார்.

முன் இருக்கையிலிருந்த சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், படிச்சுப் படிச்சு சொன்னேனே! பொண்ணு ஏறின வண்டி பின்னாடி போகக் கூடாதுய்யா. போனா அவ வாழ்க்கையும் பின்னாடி போயிடும்."

சொன்னது மட்டுமா? முந்தின நாள் சாயங்காலமே காரின் மூக்கு தெருவைப் பார்க்கும்படி நிறுத்தவைத்தவர் அவர். சர்வேயர் மாதிரி தெருவை மூன்று முறை நடந்து அளந்தார். பெரியக்கா கல்யாணத்தன்று வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்தார்களாம். அக்கா எட்டே மாதத்தில் பெட்டியோடு வீடு திரும்பினாள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு காரணம் யாரும் தேடவில்லை.

சைரன் நிற்கவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். சித்தப்பா கண்ணாடியை இறக்கவில்லை. கும்பிட்டார். கும்பிட்டபடியே, போ, போ என்று தலையால் சைகை செய்தார்.

அதற்குள் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. கையில் ஈரத்துண்டு. காருக்குள் எட்டிப் பார்த்தாள். பூவும் பட்டுமாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது.

"கல்யாணப் பொண்ணு தம்பி. விடுங்க, நாமளே பின்னாடி போயிடலாம். நல்லா இருக்கட்டும்."

என் வாய்வரை ஒரு வார்த்தை வந்தது. 'எடுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். என் கல்யாணம், என் வண்டி. சித்தப்பா கத்தியிருப்பார், அவ்வளவுதான்.

எனக்குப் பெரியக்காவின் பெட்டி ஞாபகம் வந்தது.

தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பெண் என்று பக்கத்திலிருந்த அத்தை மெச்சிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. இரண்டு முறை சுவரில் உரசி நின்றது. அது சந்தின் முனையைத் தாண்டியபோது நான் மறுபடியும் மணி பார்த்தேன். ஒன்பது நாற்பத்தொன்பது.

நல்ல நேரத்துக்குள் மண்டபம் சேர்ந்துவிட்டோம். சித்தப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார், ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை என்று.

பன்னிரண்டு நாள் லீவு முடிந்து வேலைக்குப் போனேன்.

பெரியாஸ்பத்திரி. அவசரப் பிரிவின் வாசல் மேசை என்னுடையது. ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் முதலில் ஓடுகிற நர்ஸ் நான்தான். யார், எத்தனை மணிக்கு வந்தார்கள், உயிர் இருந்ததா என்று பதிவேட்டில் எழுதுவதும் நான்தான்.

"என்னடி புதுப்பொண்ணு, மாப்பிள்ளை எப்படி?" என்று சிரித்தபடி பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள், எனக்குப் பதிலாக அத்தனை நாளும் நின்ற தோழி.

"நல்லா இருக்கார்" என்றேன்.

அன்றைய பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.

கல்யாணத் தேதியைப் பார்க்கப் பன்னிரண்டு பக்கம் பின்னால் போக வேண்டும். ஒரு நிமிட வேலை.

மூன்று மாதமாகிறது. இன்னும் புரட்டவில்லை.