சிவப்புக் காருக்கு ஏற்ற ஆள்

"கேட்ட விலைக்கு மேல ஐந்நூறு கூட்டி ஒம்பதாயிரத்து ஐந்நூறு தாறன் எண்டு துணிக்கடை முனாப் முதலாளி காலையில காசோட வந்து நிண்டவர். அவரையும் திருப்பி அனுப்பிட்டீங்க!" மனைவி பீற்றிஸ் பெட்டிக்குள் துணிகளைத் திணித்தபடியே சத்தம் போட்டாள். "நீங்க கார் விக்கிறீங்களா, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறீங்களா?"

"அவர் பின்னால கரியர் அடிச்சு சாறன் பொட்டலம் ஏத்தப் போறாராம்," என்றான் ஹெக்டர். "பந்தயக் குதிரையில உப்பு மூட்டை ஏத்துற மாதிரி."

"ஏத்தினா என்ன? கப்பலுக்கு இன்னும் ஆறு நாள்தான் கிடக்கு. ஆஸ்திரேலியாவுக்கு இதத் தலையில சுமந்துட்டுப் போகப் போறீங்களா?"

ஹெக்டர் முற்றத்தைப் பார்த்தான். ஊரில் ஒல்லாந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த அறுபத்து நான்காம் ஆண்டு அது. அவனுடைய முறையும் வந்துவிட்டது. வீடு விற்றாயிற்று, பட்டறை விற்றாயிற்று. மிச்சம் இருந்தது வேம்பின் நிழலில் நின்ற அந்தச் சிவப்பு இத்தாலிக் கார் மட்டும்தான்.

இரண்டே இரண்டு இருக்கை. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று வருடமாக ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிப் பூட்டி அவன்தான் அதற்கு உயிர் கொடுத்தான். ஞாயிறு பூசை முடிந்து அதைக் கல்லடிப் பாலத்தில் விட்டால், கீழே வாவியில் தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். தான் போன பிறகும் அது அப்படியே ஓட வேண்டும். அதன் அருமை தெரிந்த ஒரு கை வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இல்லை.

பதினொரு மணிக்கு உன்னிச்சையிலிருந்து வேலாப்போடியார் வந்து சேர்ந்தார். ஐம்பது ஏக்கர் வயல்காரர். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என்ன தம்பி விலை?" என்றார்.

"ஒம்பதாயிரம், போடியார்."

"அம்மாடி! பழைய மொறிஸ் மைனர் ஒண்டு ஆறாயிரத்துக்கு இரிக்கி. நாலு பேர் தாராளமாக் குந்தலாம். ஜெர்மன்காரன்ட வொக்ஸ்வேகனும் ஒண்டு பாத்தன். ஏழாயிரம்."

"அப்ப அதுகள்ல ஒண்ட எடுக்கிறதுதானே?" ஹெக்டருக்குச் சுருக்கென்றது.

"எடுத்திருப்பன். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. பூனை குறட்டை விட்ட மாதிரி இரிக்கி. அந்தச் சத்தம் எனக்குக் காணாது."

ஹெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருகினான். இயந்திரம் உறுமியது. வேம்பிலிருந்த காகங்கள் அத்தனையும் கிளம்பின. உள்ளே பீற்றிஸ் காதைப் பொத்தினாள். போடியாரோ கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரியில் இருப்பவர் போலத் தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க தம்பி. ஆ! இது எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"காத்து சரியா அடிச்சா ஒரு மைல். ஓடத் துடங்கினா மணிக்கு நூறு மைல்..."

"வேகத்த விடுங்க. அது பொடியனுகள் கேக்கிற கேள்வி. முன்லைட் எப்பிடி?"

"இந்தக் கரையில நிண்டு அடிச்சா வாவிக்கு அங்கால கட்டியிருக்கிற தோணி தெரியும்."

"ராவெல்லாம் பனியில நிண்டாலும் ஒரே திருகில வேலை செய்யுமா?"

"மார்கழி மழையிலயே செஞ்சது, போடியார்."

"ஹோர்ன்?"

ஹெக்டர் அழுத்தினான். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் மதிலோரம் ஒதுங்கினார். போடியார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஹெக்டர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தான். இதுவரை வந்தவர்களெல்லாம் ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல், பின்னால் எத்தனை பேர் என்றுதான் கேட்டார்கள். இந்த மனிதர் அதன் குரலைக் கேட்கிறார், கண்ணைப் பார்க்கிறார்.

"உங்களுக்கு எண்டா எட்டாயிரத்து ஐந்நூறு," என்று சொல்லிவிட்டான்.

உள்ளே பெட்டி மூடி 'டொம்' என்று அறைந்தது.

போடியார் மடியிலிருந்து எடுத்த நோட்டுக் கட்டைத் தொடாமல் ஹெக்டர் சொன்னான்: "எனக்கு ஒரு வாக்குத் தரணும். இதத் துருப்பிடிக்க விடக்கூடாது. ஒவ்வொரு நாளும் எஞ்சின் ஓடணும்."

"கவலைய விடுங்க. நாள் தவறாம ஓடும். ராவு ராவா ஓடும்."

அது போதும். ஹெக்டர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தான். "ஏறுங்க போடியார். ஊறணி வரைக்கும் ஒரு ஓட்டம் காட்டுறன்."

"ஓட்டம் என்னத்துக்கு? ட்ரக்டர் இழுவைப் பெட்டியோட தெருவில நிக்கிது. தூக்கி ஏத்த ஆறு பேரும் வந்திரிக்காங்க."

"தூக்கி ஏத்தவா? ஏன்?"

"மறுகா என்ன செய்யிற? எங்கட வயல் வட்டையில கார் ஓடுற ரோட்டா போட்டிரிக்கி? வயலுக்கு நடுவில, காவல் பரணுக்குக் கீழ நிப்பாட்டப் போறன். போன போகம் ஆனைக்கூட்டம் இறங்கிப் பதினஞ்சு ஏக்கர் வேளாண்மைய மிதிச்சிட்டு. வெடிக்கும் தீப்பந்தத்துக்கும் அதுகள் பழகிட்டுது, தம்பி."

போடியார் குனிந்து டயரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சில்லு நாலையும் கழட்டி நீங்களே வெச்சுக்கிட்டு, விலையில இன்னும் ஒரு முந்நூறு குறைச்சா என்ன?"