பேருக்குள் ஓர் ஆச்சரியக்குறி

"மாடி ரூமை இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லிடுங்க" என்றாள் சியாமளா.

"யாரை, மேரியையா? ஏன்?" என்றார் அருணாச்சலம்.

"நம்ம யாழினி ஸ்கூலுக்கு அவ நாலஞ்சு நாளா போயிட்டு வர்றாளாம். எஸ்.டி.டி. பூத்காரர் பார்த்திருக்கார். அங்கே அவளுக்கு என்ன வேலை? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அருணாச்சலத்துக்குச் சுருக்கென்றது.

புனே கோர்படியில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் தென்னாப்பிரிக்கப் பெண். மொழியியல் படிக்கிறாள். நிஜப் பேர் மேரி இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, 'டொக்'கென்று இழுத்துச் சொல்ல வேண்டிய பேர். அந்தச் சத்தத்துக்கு ஆச்சரியக்குறி மாதிரி ஒரு குறி உண்டென்று வந்த அன்றே எழுதிக் காட்டினாள்.

"பேருக்குள்ள ஆச்சரியக்குறியா! நம்மால ஆகாதும்மா" என்று சிரித்துவிட்டு, மேரி என்று வைத்தது அருணாச்சலம்தான்.

"இன்னிக்கு ஸ்கூல் விழா முடியட்டும். சாயங்காலம் பேசிக்கறேன்" என்றார்.

விழா என்றாலே யாழினி முரண்டு பிடிப்பாள். வருஷா வருஷம் மைக்கில் "யாலினி" என்பார்கள், "யாஜினி" என்பார்கள். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும்.

"ஒரு 'ழ' வரலையா இவங்களுக்கு? பேரைச் சரியாச் சொல்றதுதானே முதல் மரியாதை!" என்று அருணாச்சலம் கத்தாத வருஷமில்லை.

இந்தத் தடவை, "பேரை மாத்துங்கப்பா, இல்லேன்னா மேடை ஏறமாட்டேன்" என்று அழுது தீர்த்துவிட்டாள் குழந்தை.

மைக் கரகரத்தது.

"யாழினி அருணாச்சலம்!"

சுத்தமான ழ. யாரும் சிரிக்கவில்லை. யாழினி நிமிர்ந்து நடந்துபோய்ப் பரிசு வாங்கினாள். அருணாச்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

விழா முடிந்ததும் ஓடிப்போய், மைக்கில் பேர் வாசித்த மராட்டி டீச்சரைக் கும்பிட்டார். "ரொம்ப நன்றி மேடம். 'ழ' எப்படி வந்தது?" என்றார் இந்தியில்.

"எனக்கு எங்கே சார் வரும்? எல்லாம் உங்க மாடிப் பொண்ணு பண்ணினது. குழந்தை அழுதது அவ ரூம் வரைக்கும் கேட்டுதாம். நாக்கை எப்படி மடிக்கணும்னு தினமும் வந்து படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தா. வீட்ல சொல்லாதீங்க, யாழினிக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னா."

டீச்சர் கடைசி வரிசையைக் காட்டினார். இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"பேர் கேட்டேன். மேரின்னே கூப்பிடுங்க, அதுதான் எல்லாருக்கும் சுலபம்னுட்டா. நிஜப் பேர் என்ன சார்?"

அந்தப் பேர் சொல்லித்தான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அருணாச்சலம் கடைசி வரிசையை நோக்கி நடந்தபடியே, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்துப் பார்த்தார்.