முதல் பக்கத்தில் எருமை

அந்தக் கைப்பேசி விளையாட்டில் ஓர் எருமையைச் சேற்றுவழியே ஓட்டிப் போக வேண்டும். அரை மணி நேரம் ஆனதும் அது கொட்டாவி விட்டுப் படுத்துவிடும். மறுநாள் வரை எழுந்திருக்காது.

"அது படுத்தா ஆடுறவன் போயிடறான். எழுப்பினாத்தான் நம்ம செயலியோட முதல் பக்கத்துல இடம்னு அதை உருவாக்கின பையன்கிட்ட சொல்லு" என்றார் மேலாளர் ரகோத்தமன். கைப்பேசி விளையாட்டுகளை வெளியிடும் அந்த நிறுவனத்தில், அவற்றை உருவாக்குகிறவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைப்பது ஜெசிந்தாவின் வேலை. அதில் அவள் தோற்றதே இல்லை. அவர் எதிரிலேயே எருமை விளையாட்டை உருவாக்கிய பூவரசனை ஸ்பீக்கரில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளைங்க தூங்கணும்னுதான் அதைப் படுக்க வெச்சேன்க்கா. மாத்த மனசே இல்ல. ஆனா நீங்க சொன்னா மாத்திடறேன்."

ஜெசிந்தா கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாத்தாதே தம்பி."

"நீ கம்பெனி ஆளா, அவன் ஆளா?" என்று ரகோத்தமன் மேசையைத் தட்டினார்.

ஜெசிந்தா மடிக்கணினியை இழுத்து, அந்த வாரத்தின் முதல் பக்கத்தில் எருமையை ஏற்றிப் பூட்டினாள்.

"உடனே எடு! இல்லாட்டி நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல."

"வாரம் முடியற வரைக்கும் யாராலயும் எடுக்க முடியாது சார். சிபாரிசு நுழையக் கூடாதுன்னு நீங்க போட்ட பூட்டுதான்."

"அக்கா, உங்க வேலை..." என்று பூவரசன் பதறினான்.

"என்னை விடு. அடுத்த வாரம் எருமையை எழுப்பச் சொல்லி உன்னை வேற யாராவது கூப்பிடுவாங்க. முடியாதுன்னு நீயே சொல்லிப் பழகு. எங்க, இப்ப சார்கிட்ட சொல்லு பாப்போம்."

"சார்... வந்து..." என்று ஸ்பீக்கரில் பூவரசன் முனகினான். ரகோத்தமன் குனிந்து காதைக் கொடுத்தார்.