முந்நூறு மணி நேரம்

மூன்றாவது தடவையாகவும் கையெழுத்துப் போடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார் பிரின்சிபால் ஸ்டென்செல்.

"இதுல பதினெட்டு மணி நேரம் பிள்ளைங்க பஸ் ஏறி இறங்குற இடத்துல காவலுக்கு நின்னது. அதை அடிச்சிடுங்க, லினெட்."

"பனி கொட்டக் கொட்ட நின்னேன், மிஸ்டர் ஸ்டென்செல்."

"தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்தேன். ஆனா அது நிர்வாகம் இல்லை."

லினெட் வோகல் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குகிற பிள்ளை, 'ஆர்' ஒலி வராத பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, எல்லாரும் அவள் அறைக்குத்தான் வருவார்கள். ஒரு பள்ளியை நடத்திக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. ஆனால் வகுப்பில் நின்று பாடம் எடுத்தவர்கள்தான் பிரின்சிபாலாகலாம் என்று விதி இருந்தது.

போன கோடையில் அந்த விதியை மாநில அரசு மாற்றியது. பள்ளியில் ஐந்து வருஷம் வேலை பார்த்த பேச்சுப் பயிற்சியாளர்களும் இனி நிர்வாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு படிப்பு, ஒரு தேர்வு, ஒரு பிரின்சிபாலின் கீழ் முந்நூறு மணி நேர நிர்வாகப் பயிற்சி, அவ்வளவுதான். கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து அந்தச் செய்தியை லினெட் நாலு தடவை படித்தாள். வாங்கிய ஐஸ்கிரீம் உருகி சீட்டெல்லாம் வழிந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் படிப்புக்குப் பதிவு செய்தாள்.

எட்டு மாதத்தில் படிப்பு முடிந்தது. தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினாள். இப்போது இந்தக் கையெழுத்துதான் முட்டுக்கட்டை.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் இதே வேலை பார்க்கும் தோழி மார்சிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பஸ் காவல், சாப்பாட்டுக் கூடத்தில் மேற்பார்வை, புத்தகச் சந்தை என்று அவள் எழுதிக் கொடுத்த அத்தனைக்கும் அவளுடைய பிரின்சிபால் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். ஏப்ரலிலேயே விண்ணப்பம் போய்விட்டது.

"உன் பிரின்சிபாலுக்கு உன்னை அனுப்ப மனசில்லடி. நீ போயிட்டா வேற ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு எங்க போவார்? இல்லைன்னா, நம்மள மாதிரி ஆளுங்க அந்த நாற்காலியில உட்காரக் கூடாதுன்னு நினைக்கிறார்" என்றாள் மார்சி.

லினெட்டுக்கும் அப்படித்தான் பட்டது. வெட்டிய மணி நேரத்துக்குப் பதிலாக ஸ்டென்செல் கொடுத்த வேலைகள் அப்படி. ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து மதிப்பீடு எழுதச் சொன்னார். எழுதியதை இரண்டு முறை திருத்தித் திருப்பினார். அடுத்த வருஷத் திட்டத்தைக் கல்விக் குழுவுக்கு முன் அவளையே விளக்க வைத்தார். மகளைப் பள்ளியிலிருந்து மூன்று நாள் நிறுத்தி வைத்ததற்காகக் கொதித்துக்கொண்டு வந்த ஒரு தகப்பனை அவளிடம் விட்டுவிட்டு, மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த மனிதர் போகும்போது லினெட்டின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். இது என்னால் முடியும் என்று அன்றுதான் அவளுக்கு நிஜமாகத் தெரிந்தது.

அந்தத் தைரியத்தில் ஸ்டென்செல்லிடம் கேட்டே விட்டாள். "என் இடத்துல ஒரு வகுப்பாசிரியர் இருந்திருந்தா இவ்வளவு கெடுபிடி பண்ணுவீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர்.

அன்று மாலையே மேலதிகாரிக்குப் புகார் எழுதினாள். இன்னும் முப்பது மணி நேரம்தானே மிச்சம், எதற்கு வம்பு என்று அனுப்பாமல் வைத்துக்கொண்டாள்.

பள்ளி ஆண்டு முடியும் வாரத்தில் ஸ்டென்செல் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில், இரண்டு பிள்ளைகளின் பயிற்சிக்கு நடுவே, மின்னஞ்சல் வந்தது. சான்றிதழ் கிடைத்துவிட்டது. லினெட் நாற்காலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கணவனுக்குச் சொன்னாள், அம்மாவுக்குச் சொன்னாள். மூன்றாவதாக மார்சியைக் கூப்பிட்டாள்.

வாழ்த்திவிட்டு மார்சி தன் செய்தியைச் சொன்னாள். "என் விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு. புது விதியில வர்றவங்களோட மணி நேரத்தை ஒண்ணு விடாமத் துருவுறாங்களாம். பஸ் காவல், சாப்பாட்டுக் கூடம் எதுவும் செல்லாதாம். தொண்ணூறுதான் தேறிச்சு."

லினெட் போனை வைத்துவிட்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போய், இரண்டு செய்தியையும் சொன்னாள்.

ஸ்டென்செல் எழுந்து வந்து கை கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "உங்க தோழியை இங்க அனுப்புங்க. மிச்ச மணி நேரத்தை என்கிட்டப் பழகட்டும்."

"இப்படித் துருவுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் இதே சான்றிதழுக்குச் சிறப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிச்சாங்க. கெட்டிக்காரி. அவங்க பிரின்சிபால் ரொம்ப நல்ல மனுஷன், கொண்டுபோன தாளுக்கெல்லாம் படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டார். வகுப்பு எடுக்காத ஆள்னு ஒவ்வொரு மணி நேரத்தையும் துருவி, மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க அப்புறம் விண்ணப்பிக்கவே இல்லை. அந்த வேலையையே விட்டுட்டாங்க."

"நல்ல மனுஷனா? ஒருத்தரோட வாழ்க்கையையே கெடுத்திருக்கார்" என்றாள் லினெட்.

ஸ்டென்செல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா. அந்தக் கையெழுத்தெல்லாம் என்னோடதுதான்."