சார்ஜ் நிக்கலை

"ஓட்டை லேப்டாப்பை நம்ம தலையில கட்டிட்டான் உன் தம்பி" என்றார் டிரைவர், இருண்டு போன திரையைப் பார்த்தபடி.

மனைவி வாயைத் திறக்கவில்லை. தம்பியை யாராவது ஒரு சொல் சொன்னால் ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள். அவளே பேசாமல் இருந்ததால், குற்றம் மச்சானுடையதுதான் என்று டிரைவர் முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் இதே கதைதான். வெளியூரில் நர்ஸிங் படிக்கிற மகள் திரையில் வருவாள். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் பொட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மனைவி செல்போனில் கூப்பிட்டு, "மாமா குடுத்தது மறுபடியும் படுத்துடுச்சுடி" என்பாள்.

மச்சான் புதிது வாங்கியதும் பழையதை அக்கா வீட்டுக்குக் கொடுத்திருந்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். டிரைவர் வாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

அவருக்கும் காரணம் இருந்தது. மகள் போன புதிதில், ஃபோனில் அப்பாவின் குரல் கம்மியதைக் கேட்டு மறுநாளே பெட்டியோடு வந்து நின்றுவிட்டாள். நீ அழுதா எனக்கு அங்க இருப்பு கொள்ளலைப்பா என்றாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் கல்லூரியில் திரும்பச் சேர்த்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஓடினால் சீட்டே கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து, அவள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை தெம்பாகப் பேச இந்த லேப்டாப் ஒன்றுதான் வழி.

"நான் எங்க அழுதேன்? அது சளி" என்று டிரைவர் இன்றுவரை சாதிக்கிறார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். "சார்ஜ் நிக்கலைப்பா. பஸ்ஸா இருந்தா சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்லிடுவேன். இது சத்தமே போட மாட்டேங்குது."

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். வேறு சார்ஜரைச் செருகினார், பின்னை ஆட்டினார், ஒயரை வளைத்தார். சாயங்காலம் வரை ஓடவிட்டும் அது அணையவில்லை.

"பேட்டரி செத்து நாளாச்சுண்ணே. ஒயர்லதான் உயிர் ஓடுது. கரண்ட் நின்னா அணைஞ்சுடும், அவ்வளவுதான். மத்தபடி சார்ஜர், பின்னு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சரியா எப்போ அணையுது?"

டிரைவர் யோசித்தார். "மககிட்டப் பேசிட்டே இருப்பேன். பேச்சு தீர்ந்துபோய் 'அப்புறம்'னு சொல்வேன். உடனே போயிடும்."

"அப்புறம்னா அணையுற லேப்டாப்பை இப்பத்தாண்ணே பார்க்குறேன்."

வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்க்கச் சொன்னார் மெக்கானிக். புது பேட்டரி வரவழைக்க வேண்டும் என்றும், வந்ததும் கூப்பிடுவதாகவும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சொன்னதும் மனைவியின் முகம் சுருங்கியது. "புது பேட்டரியெல்லாம் எதுக்கு? இப்படியே ஓடட்டுமே."

தம்பி மானம் போகிறதே என்று பதறுகிறாள் என நினைத்துக்கொண்டார் டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு அடியில் குனிந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக்கை அழுத்திச் செருகிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி.

மகள் வெள்ளை யூனிஃபார்மோடு வந்தாள். "அப்பா, இன்னைக்கு முதல் தடவையா ஊசி போட்டேன். அந்தம்மா வலிக்கவே இல்லைன்னு சொன்னாங்கப்பா."

ஊசி என்றாலே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்திய பெண். டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. கழற்றித் துடைக்கப் போக, அது கை நழுவிக் கீழே விழுந்தது.

"அப்புறம்..." என்றபடியே குனிந்தார்.

மேஜைக்கு அடியில் மனைவியின் கால் கட்டைவிரல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் மேல் தயாராக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழுத்தியது.

மேலே மகளின் குரல் பாதியில் நின்றது.

"பாழாப்போன பேட்டரி" என்றாள் மனைவி. "என் தம்பியைச் சொல்லணும். பார்த்துக் குடுத்திருக்க வேண்டாமா?"

டிரைவர் நிமிரவில்லை. கண்ணாடி கையில்தான் இருந்தது. எந்த வண்டியின் சத்தமும் தனக்கு அத்துப்படி என்று மார்தட்டிக்கொள்கிறவர், தன் தொண்டைச் சத்தத்தை மட்டும் கேட்கத் தவறிவிட்டார். அதை வாராவாரம் கேட்டு, மகளின் காதுக்குப் போகும் முன்னே அணைத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதற்காகக் கூடப்பிறந்தவனுக்கு அவளே ஏச்சும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. இந்த முறை சளி என்று சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

"கண்ணாடி கிடைச்சுதா?" என்றாள் மேலேயிருந்து.

"கிடைச்சுது."

மறுநாள் மெக்கானிக் ஃபோன் செய்தார். பேட்டரி வந்துவிட்டது, லேப்டாப்பை எடுத்து வரலாம் என்றார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

டிரைவர் அங்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"வேண்டாம்ப்பா, திருப்பி அனுப்பிடு. என் மச்சான் நல்ல பொருளாப் பார்த்துத்தான் குடுத்திருக்கான். சார்ஜ் நிக்காதது எனக்குத்தான்."